எபிரேயர்: கானான் மலைகளில் உருவான மக்கள்

பழைய ஏற்பாட்டில் எபிரேயர் என்றும் இஸ்ரவேலர் என்றும் அழைக்கப்படும் மக்கள், மத்தியதரைக் கடலுக்கும் யோர்தான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கானான் நாட்டில் கி.மு. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனி இனமாகத் தலையெடுத்தவர்கள். அவர்களுடைய பூர்வீகத்தை அறிய இரண்டு வகைச் சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, அவர்களே எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வேதநூல். மற்றொன்று, மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த கல்வெட்டுகள், களிமண் பலகைகள், பானை ஓடுகள், வீட்டு அடித்தளங்கள். இந்த இரண்டும் சில இடங்களில் கைகோத்துப் போகின்றன. பல இடங்களில் முரண்படுகின்றன. முரண்படும் இடங்களில்தான் இந்த மக்களின் உண்மையான வரலாறு அதிகம் வெளிப்படுகிறது.

கானான் பரப்பளவில் சிறிய நாடு. மேற்கே கடலோரச் சமவெளி, நடுவில் வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர், கிழக்கே யோர்தான் பள்ளத்தாக்கு, தெற்கே நெகேவ் வறண்ட நிலம். எகிப்துக்கும் மெசப்பொத்தேமியாவுக்கும் இடையிலான பெருவழி சமவெளியினூடாகச் சென்றதால், வல்லரசுகளின் கண் எப்போதும் இந்த நாட்டின்மேல் இருந்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசன் மூன்றாம் துத்மோஸ் மெகிதோவில் வெற்றி பெற்ற பிறகு, ஏறத்தாழ 300 ஆண்டுகள் கானான் எகிப்தின் பிடியில் இருந்தது. காசா, யோப்பா, பெத்சான் ஆகிய ஊர்களில் எகிப்தியக் காவற்படைகள் தங்கியிருந்தன. நகரங்களைச் சிற்றரசர்கள் ஆண்டு, பாரவோனுக்குத் திறை செலுத்தினார்கள். மலைப்பகுதியில் ஆள்நடமாட்டம் குறைவு.

வேதநூல் சொல்லும் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. ஊர் என்ற நகரத்திலிருந்து புறப்பட்ட ஆபிரகாம், ஆரான் வழியாகக் கானானுக்கு வருகிறார். அவருடைய மகன் ஈசாக்கு, பேரன் யாக்கோபு. யாக்கோபின் பன்னிரண்டு மகன்களும் பன்னிரண்டு கோத்திரங்களின் தந்தையர். பஞ்சத்தால் குடும்பம் எகிப்துக்குப் போகிறது. பிற்பாடு அங்கே அடிமையாகிறது. மோசே அவர்களை மீட்டு, சீனாய் மலையில் திருச்சட்டத்தைப் பெற்று, 40 ஆண்டு பாலைவனத்தில் வழிநடத்துகிறார். யோசுவா கானானைப் போரிட்டுக் கைப்பற்றுகிறார்.

இந்த நூல்கள் இப்போதுள்ள வடிவத்தை அடைந்தது, அவை வருணிக்கும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கி.மு. 8ஆம், 7ஆம் நூற்றாண்டுகளில் எழுத்துப் பணி வேகமெடுத்து, பாரசீகர் காலம் வரை நீடித்தது. எழுதியவர்களின் காலம் கதைக்குள் ஆங்காங்கே எட்டிப்பார்க்கிறது. ஆபிரகாமின் ஊரைக் 'கல்தேயருடைய ஊர்' என்கிறது ஆதியாகமம். கல்தேயர் வரலாற்றில் தோன்றுவதோ கி.மு. முதலாயிரத்தில்தான். ஆபிரகாமிடம் ஒட்டகக் கூட்டம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அரபா பள்ளத்தாக்கின் செப்புச் சுரங்கப் பகுதிகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், பழக்கிய ஒட்டகம் அந்த வட்டாரத்துக்கு வந்தது கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று காட்டியிருக்கிறார்கள்.

அக்காலத்து நாடோடிக் குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எகிப்திலேயே ஓர் ஓவியம் இருக்கிறது. நைல் நதிக்கரையில் பெனி ஹசன் என்ற இடத்தில், கி.மு. 1890 வாக்கில் வாழ்ந்த இரண்டாம் க்னும்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் கிழக்கிலிருந்து வந்த ஒரு கூட்டம் வரையப்பட்டுள்ளது. அபிஷா என்பவர் தலைவர். ஆண்கள் தாடி வைத்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் பல வண்ணக் கோடுகள் போட்ட ஆடை உடுத்தியிருக்கிறார்கள். ஒருவர் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டியபடி நடக்கிறார். சுமை முழுதும் கழுதைகளின் முதுகில். ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. இவர்கள் எபிரேயர் என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் ஆதியாகமம் நினைவில் வைத்திருக்கும் வாழ்க்கை, அதாவது ஆடுமாடுகளோடும் குடும்பத்தோடும் கானானுக்கும் எகிப்துக்கும் இடையே போய்வரும் வாழ்க்கை, கற்பனையில் முளைத்ததன்று என்பதை இந்த ஓவியம் உறுதிப்படுத்துகிறது.

1887இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகள் கிடைத்தன. ஏறத்தாழ 380 பலகைகள், பெரும்பாலானவை கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சிற்றரசர்கள் பாரவோனுக்கு அக்காடிய மொழியில் எழுதிய கடிதங்கள். எருசலேமின் அரசன் அப்தி-ஹெபா அனுப்பியவையும் அவற்றில் உண்டு. நாடு கைவிட்டுப் போகிறது, ஹபிரு என்பவர்கள் ஊர்களைப் பிடிக்கிறார்கள், ஐம்பது வீரர்களையாவது அனுப்புங்கள் என்று அவன் மன்றாடுகிறான். ஹபிரு, எபிரேயர் என்ற பெயர்களின் ஒலி ஒற்றுமையைக் கண்டு, யோசுவாவின் படையெடுப்புக்கே சான்று கிடைத்துவிட்டதாக அன்று பலர் மகிழ்ந்தார்கள். அது நிலைக்கவில்லை. ஹபிரு என்ற சொல் சிரியாவிலிருந்து எகிப்து வரை பல நூற்றாண்டுகளின் ஆவணங்களில் வருகிறது. கடனுக்கும் வரிக்கும் அஞ்சி ஓடியவர்கள், கூலிப்படையினர், கொள்ளையர் என அரசுக்கு அடங்காமல் விளிம்பில் வாழ்ந்தவர்களுக்கான பொதுப்பெயர் அது. ஓர் இனத்தின் பெயரன்று. ஆயினும் நகரங்களை விட்டு மலையேறிய இத்தகையவர்களில் சிலராவது பிற்கால எபிரேயருக்கு முன்னோர் ஆகியிருப்பார்கள் என்பது நியாயமான ஊகம்.

எகிப்து அடிமைத்தனமும் விடுதலையும்தான் ஆகக் கடினமான கேள்வி. எபிரேயர் கூட்டமாக வெளியேறியதைச் சொல்லும் எகிப்திய ஆவணம் எதுவும் இல்லை. யாத்திராகமம் ஆண்கள் மட்டும் 6,00,000 பேர் என்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். எகிப்தின் மொத்த மக்கள்தொகையே அன்று சில பத்து லட்சம்தான். அத்தனை பேர் சீனாயில் 40 ஆண்டு வாழ்ந்திருந்தால் தடயம் இல்லாமல் போகாது. மேலும், அந்தக் காலத்தில் எகிப்தை விட்டுக் கானானுக்குப் போவது என்பது பாரவோனின் ஆட்சியிலிருந்து பாரவோனின் ஆட்சிக்கே போவதாகும். யோசுவாவின் நூலோ கானானில் எகிப்தியப் படை இருந்ததாகவே காட்டவில்லை.

அதற்காக முழுவதையும் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் சரியாகாது. நைல் கழிமுகத்தில் செமிட்டிய மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்ததை அங்குள்ள அவாரிஸ் நகரின் அகழாய்வுகள் நிறுவியிருக்கின்றன. கி.மு. 1650 முதல் 1550 வரை ஹிக்சோஸ் என்ற பெயரில் அவர்களில் சிலர் எகிப்தின் வடபகுதியை ஆண்டு, பின்னர் துரத்தப்பட்டார்கள். அடிமைகள் கட்டியதாக யாத்திராகமம் சொல்லும் ராமசேஸ் நகரம், கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இரண்டாம் ராமசேசின் தலைநகரைத்தான் நினைவூட்டுகிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பாப்பிரஸ் ஒன்றில், எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் ஏதோமிலிருந்து வந்த மேய்ப்பர்களைப் பித்தோமின் குளங்கள் வரை அனுமதித்ததாக மேலிடத்துக்குத் தெரிவிக்கிறார். அவர்களும் அவர்களுடைய கால்நடைகளும் பிழைக்க வேண்டும் என்பது அவர் தரும் காரணம். மோசே, பினெகாஸ், ஓப்னி, மெராரி போன்ற லேவி குலத்துப் பெயர்கள் எகிப்தியப் பெயர்கள். ஒரு சிறு கூட்டம் எகிப்திலிருந்து தப்பி வந்து, தன் விடுதலையின் நினைவை மலைநாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுச் சொத்தாக்கியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிடைத்துள்ள சான்றுகளுக்கு இதுவே நன்றாகப் பொருந்துகிறது.

இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலாக உறுதியாகத் தென்படுவது எகிப்தியக் கல்வெட்டு ஒன்றில்தான். 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி, தீப்ஸ் நகரின் மேற்குக் கரையில் பாரவோன் மெர்நெப்தாவின் கோவில் இடிபாடுகளில் அதைக் கண்டெடுத்தார். மூன்று மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கல். அதன் ஒரு பக்கம் மூன்றாம் அமென்ஹோதெப் செதுக்கியது; மெர்நெப்தா அதையே எடுத்து மறுபக்கத்தில் தன் வெற்றிகளைப் பொறித்துக்கொண்டார். காலம் கி.மு. 1208 வாக்கில். பெரும்பகுதி லிபியர்மேல் அடைந்த வெற்றியைப் பற்றியது. கடைசி வரிகளில் அஸ்கலோன், கேசேர், யெனோவாம் ஆகிய ஊர்களை அடுத்து இஸ்ரவேல் வருகிறது. அதன் வித்தே அற்றுப்போயிற்று என்று பாரவோன் பெருமையடிக்கிறார்.

அந்தப் பெயரோடு சேர்ந்துள்ள குறிகள் கவனத்துக்குரியவை. எகிப்திய எழுத்தில் ஒரு பெயர் எவ்வகையைச் சேர்ந்தது என்று காட்ட இறுதியில் தனிக்குறி இடுவார்கள். மற்ற மூன்று ஊர்களுக்கும் நிலத்தை உணர்த்தும் குறி இருக்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் அமர்ந்த ஆணும் பெண்ணும், கீழே பன்மையைக் காட்டும் மூன்று கோடுகளும். ஆக, கி.மு. 1208இல் இஸ்ரவேல் கானானில் இருந்தது. கோட்டையும் அரசனும் உள்ள நாடாக எகிப்தியர் அதைப் பார்க்கவில்லை. ஒரு மக்கள்கூட்டமாகப் பார்த்தார்கள். பாரவோன் படையெடுத்துப் போய்ப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு அந்தக் கூட்டம் வளர்ந்திருந்தது.

அவர்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்களா? எரிகோவில் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த கேத்லீன் கென்யன், அந்நகரின் பெரும் மதில் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது என்றும், யோசுவாவின் காலமாகக் கருதப்பட்ட 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரமே இல்லை என்றும் கண்டார். யோசுவா எரித்ததாகச் சொல்லப்படும் ஆயி, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாழடைந்து கிடந்தது. ஆத்சோர் மட்டும் 13ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது உண்மை. தீ வைத்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. மின்னல் வேகப் படையெடுப்பு என்ற கருத்தை இன்று மிகச் சிலரே ஏற்கிறார்கள். வேதத்துக்குள்ளேயே நியாயாதிபதிகளின் நூல், கானானியர் பல ஊர்களில் துரத்தப்படாமல் தொடர்ந்து வாழ்ந்ததாக ஊர்ப் பெயர்களோடு பட்டியலிடுகிறது.

உண்மையில் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவியவை பெரிய நகரங்களின் இடிபாடுகளைவிட, 1967க்குப் பின் மலைநாட்டில் ஊர் ஊராக நடந்து பானை ஓடுகளைப் பொறுக்கிச் செய்த கள ஆய்வுகள்தான். இஸ்ரேல் பிங்கல்ஸ்டைன் முதலிய தொல்லியலாளர்கள் கண்டது வியப்பானது. அதுவரை மிகச் சில குடியிருப்புகளே இருந்த மலைகளில், கி.மு. 1200ஐ ஒட்டி ஏறத்தாழ 250 புதிய சிற்றூர்கள் முளைத்திருந்தன. அதே காலத்தில்தான் கிழக்கு மத்தியதரைப் பகுதி முழுவதும் ஆட்டம் கண்டது. ஹிட்டைட் பேரரசு சிதைந்தது. உகாரித் நகரம் எரிந்து மீண்டும் எழவே இல்லை. கடல் வழியே வந்த பெலிஸ்தர் காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் ஆகிய ஊர்களில் குடியேறினார்கள். எகிப்தின் பிடி கி.மு. 12ஆம் நூற்றாண்டில் முற்றாகத் தளர்ந்தது. சமவெளியில் வாணிகமும் நகரங்களும் குலைந்தபோது மலைகள் நிரம்பின.

அந்தச் சிற்றூர்கள் எளியவை. அரண்மனை இல்லை, கோவில் இல்லை, பெரும்பாலும் மதில்கூட இல்லை. வழக்கமான வீட்டில் நீளவாக்கில் மூன்று பகுதிகள், அவற்றைப் பிரிக்கக் கல் தூண்கள், பின்புறம் குறுக்கே ஓர் அறை. பக்கப் பகுதிகளில் ஆடுமாடுகளைக் கட்டியிருப்பார்கள் என்று கருதப்படுகிறது. ஆட்கள் மாடியில் உறங்கியிருக்கலாம். வீடுகளுக்கிடையே கல் பதித்த தானியக் குழிகள். பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி அமைத்தார்கள். சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் தடுப்புச் சுவர் கட்டி, திராட்சையும் ஒலிவமும் வளர்த்தார்கள். கழுத்தடியில் பட்டை வைத்த பெரிய சாடிகளில் தண்ணீரும் எண்ணெயும் சேமித்தார்கள். சமவெளியில் புழங்கிய இறக்குமதிப் பானைகளும் வண்ண வேலைப்பாடுகளும் இங்கே அரிது. பெலிஸ்தரின் ஊர்களில் பன்றி எலும்புகள் நிறையக் கிடைக்க, மலைச் சிற்றூர்களில் அவை அநேகமாக இல்லை. பன்றியை விலக்கும் பிற்காலச் சட்டத்துக்கு இது தொடக்கமா, அல்லது மலை நிலத்துக்குப் பன்றி வளர்ப்பு ஒத்துவராததால் வந்த பழக்கமா என்பது இன்னமும் வாதத்துக்குரியது.

இவர்களுடைய பானை வகைகள் கானானியப் பானைகளிலிருந்து கிளைத்தவை. பேசிய எபிரேய மொழி, பினீசிய மொழிக்கும் மோவாபிய மொழிக்கும் உடன்பிறப்பு. மலையடிவார ஊரான இஸ்பெத் சர்தாவில் கிடைத்த ஓட்டுத்துண்டு ஒன்றில் யாரோ எழுதிப் பழகியிருக்கிறார்கள். நான்கு வரிகளில் எழுத்துகள் பொருள் விளங்காமல் கலந்து கிடக்க, ஐந்தாம் வரியில் கானானிய நெடுங்கணக்கு வரிசையாக வருகிறது. வெளிநாட்டிலிருந்து திரளாக வந்திறங்கிய மக்களிடம் இத்தனை உள்ளூர்த் தன்மை இருக்காது. எனவே, எபிரேயரில் பெரும்பாலோர் கானான் மண்ணின் மக்களே என்பதில் இன்று பரவலான உடன்பாடு இருக்கிறது. அவர்கள் சமவெளியிலிருந்து தப்பி வந்த உழவர்களா, மேய்ச்சலை விட்டு நிலைத்த இடையர்களா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். உழவர் புரட்சி என்று ஜார்ஜ் மெண்டன்ஹால் 1962இல் வாதிட்டார். மேய்ச்சல் மக்கள் நிலைகொண்டது என்பது பிங்கல்ஸ்டைனின் முடிவு. உழவர்களும் இடையர்களும், அவர்களோடு எகிப்திலிருந்து வந்த சிறு கூட்டமும், தெற்குப் பாலை மக்களும் கலந்தே இஸ்ரவேல் ஆனது என்பதே பொருத்தம். கி.மு. 1000 வாக்கில் மலைநாட்டின் மக்கள்தொகை 45,000 இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

அவர்களை ஒன்றாக்கியதில் யாவே வழிபாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தத் தெய்வத்தின் பெயர் தெற்கிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. இன்றைய சூடானில் உள்ள சோலெப் கோவிலில், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் எகிப்தியப் பட்டியல் ஒன்று பாலைவன மேய்ப்பர்களின் நிலங்களில் ஒன்றுக்கு இதே ஒலியுள்ள பெயரைத் தருகிறது. ஆனால் ஒரே கடவுள் என்ற நம்பிக்கை உடனே முழு வடிவில் வந்துவிடவில்லை. தோத்தான் அருகே மலைமேல் 12ஆம் நூற்றாண்டு வழிபாட்டிடம் ஒன்றில் ஒரு சாண் நீளமுள்ள வெண்கலக் காளை கிடைத்தது. சீனாயின் வடபகுதியில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில், கி.மு. 800ஐ ஒட்டிய சாடிகளில் யாவேயின் பெயரும் பெண் தெய்வமான அஷேராவின் பெயரும் சேர்த்தே வாழ்த்தில் எழுதப்பட்டுள்ளன. தீர்க்கதரிசிகள் இதை எதிர்த்துப் பல தலைமுறைகள் போராடியதை வேதநூலே மறைக்காமல் சொல்கிறது.

பெலிஸ்தரின் நெருக்குதல் கோத்திரங்களை ஓர் அரசனின்கீழ் சேர வைத்தது. சவுல், அவருக்குப் பின் கி.மு. 1000 வாக்கில் தாவீது, அடுத்து சாலொமோன் என்பது வேத வரிசை. தாவீது என்றொருவர் இருந்தாரா என்றுகூட ஒரு காலத்தில் ஐயப்பட்டார்கள். 1993இல் தெல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, தென்பகுதி நாடான யூதாவின் அரச மரபைத் 'தாவீதின் வீடு' என்று அழைக்கிறது. அந்த ஐயம் அதோடு பெரிதும் அகன்றது. அவருடைய அரசு வேதம் வருணிக்கும் அளவுக்குப் பெரியதா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை.

சாலொமோனுக்குப் பின் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என நாடு பிரிந்தது. செல்வமும் படைபலமும் வடக்கில்தான். வடநாட்டு அரசன் ஒம்ரி சமாரியாவைத் தலைநகராகக் கட்டினார். அவருடைய மகன் ஆகாப், கி.மு. 853இல் கர்கார் போரில் 2,000 தேர்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்ததாக அசீரிய அரசன் மூன்றாம் சல்மனேசர் பொறித்திருக்கிறார். ஒம்ரி அண்டை நாடான மோவாபை ஒடுக்கியதையும், பின் தான் விடுபட்டதையும் மோவாப் அரசன் மேசா கல்லில் வெட்டிவைத்தான். 1868இல் வெளியுலகுக்குத் தெரியவந்த அந்தக் கல் உள்ளூர்ச் சச்சரவில் உடைக்கப்பட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே தாளில் அச்சுப்படி எடுத்திருந்தார்கள். யாவேயின் பெயரை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று.

கி.மு. 722ஐ ஒட்டி அசீரியர் சமாரியாவைக் கைப்பற்றினார்கள். 27,290 பேரை நாடு கடத்தியதாக இரண்டாம் சர்கோன் கணக்குச் சொல்கிறான். தப்பிய பலர் தெற்கே வந்ததால் எருசலேம் சில பத்தாண்டுகளில் பன்மடங்கு வளர்ந்ததாகத் தெரிகிறது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாமேல் படையெடுத்து லாகீஸ் நகரை அழித்தான்; நினிவே அரண்மனைச் சுவரை அலங்கரித்த அக்காட்சி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முற்றுகைக்கு ஆயத்தமாக எசேக்கியா அரசன் கீகோன் ஊற்று நீரை நகருக்குள் கொண்டுவர 533 மீட்டர் நீளச் சுரங்கம் வெட்டினான் என்பது பொதுவான கருத்து. இரு முனையிலிருந்தும் தோண்டிவந்த ஆட்கள் பாறைக்குள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நடுவில் சந்தித்ததை, 1880இல் கிடைத்த சுரங்கச் சுவர் எழுத்து எபிரேயத்தில் விவரிக்கிறது. எருசலேம் அந்த முறை தப்பியது.

பாபிலோனிடம் தப்பவில்லை. கி.மு. 597இல் யோயாக்கீன் அரசன் சிறைபிடிக்கப்பட்டான். 586இல் நேபுகாத்நேச்சாரின் படை நகரையும் ஆலயத்தையும் எரித்தது. யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு பாபிலோனின் களிமண் பலகைகளில் அப்படியே கிடைத்திருக்கிறது. நாடும் அரசனும் ஆலயமும் இழந்த இந்தத் தலைமுறைகளே பழைய நினைவுகளைத் திரட்டி நூலாக்குவதில் முனைந்தன. கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தபின் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, கி.மு. 515இல் இரண்டாம் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். அன்று முதல் யூதா என்ற பெயரை ஒட்டி யூதர் என்ற பெயரே நிலைத்தது. எல்லாரும் திரும்பவில்லை. எகிப்தின் எலிபந்தைன் தீவில் ஒரு யூதக் குடியிருப்பு தனி ஆலயத்தோடு இருந்தது. பாபிலோனிலேயே தங்கியவர்களின் சமூகம் ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் தொடர்ந்தது. 1950, 1951ஆம் ஆண்டுகளில் சுமார் 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.